உப்புக் காற்றில் எஸ்பிரெஸோ: எந்தச் சாமான் தாங்கும், எது பல்லிளிக்கும்?

பெங்களூரிலோ கோவையிலோ இருப்பவர் எஸ்பிரெஸோ மெஷினுக்குத் துணைச்சாமான் வாங்கும்போது கலர் பொருந்துகிறதா, கைக்கு அடக்கமா என்று பார்த்தால் போதும். ராமநாதபுரம் கடற்கரையில், மண்டபத்திலும் தொண்டியிலும் இருக்கிற நமக்கு அதற்கு முன்னால் ஒரு கேள்வி உண்டு. ஒரு கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தைத் தாண்டுமா? பாம்பன் பழைய ரயில் பாலம் 1914-இல் திறந்தது. காலமெல்லாம் பெயின்ட் அடித்தும் துரு விடவில்லை. 2022 டிசம்பரில் அதன்மேல் ரயில் போவதே நின்றது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் விசேஷப் பூச்சும் வைத்துக் கட்டினார்கள். ரயில்வேக்கே அந்தப் பாடு என்றால், காபித் தூளை அமுக்குகிற, கறுப்பு பெயின்ட் அடித்த டேம்பர் எம்மாத்திரம்?

ஆகவே இங்கே முதல் மார்க் உலோகத்துக்கு, அடுத்தது பயனுக்கு, அழகு அதற்கப்புறம். அழகு வேண்டாம் என்பதில்லை. பார்சல் பிரித்த அன்று இருக்கிற அழகு ஆடி மாதம் கழிந்த பிறகும் இருக்குமா என்பதுதான் கணக்கு.

எவர்சில்வரிலும் ரகம் உண்டு

ஆன்லைன் கடையில் எல்லாச் சாமானுக்கும் 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்' என்றுதான் போட்டிருப்பார்கள். 304 என்பது நல்ல எவர்சில்வர் பாத்திர ரகம். 316-இல் கூடுதலாக 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கும். உப்பில் உள்ள குளோரைடு புள்ளி புள்ளியாக எஃகைத் துளைப்பதை அதுதான் மட்டுப்படுத்தும். அதற்காக எல்லாவற்றிலும் 316 தேடி அலைய வேண்டாம். தினமும் கழுவித் துடைக்கிற பால் ஜக்குக்கும் டேம்பரின் அடித்தட்டுக்கும் 304 தாராளம். எந்நேரமும் ஈரத்தில் கிடக்கிற சல்லடை மாதிரிச் சாமானுக்கு 316 கிடைத்தால் நல்லது. ரகமே சொல்லாத சாமானைக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிடலாம்.

அலுமினியத்தில் நீலம், சிவப்பு என்று அழகழகாகப் புனல் வருகிறது, தூள் சிந்தாமல் பாஸ்கெட்டில் (மெஷினில் தூள் போடும் துளைக் கிண்ணம்) கொட்ட. மேல்பூச்சு கீறாதவரை சரி. கீறல் விழுந்த இடத்தில் வெள்ளை மாவு பூக்கும். தேய்த்தாலும் அந்தப் பழைய நிறம் வராது. பித்தளை வேறு சாதி. மங்கும், பச்சைக் களிம்பு கட்டும், ஆனால் புளி போட்டுத் தேய்த்தால் மறுபடி தகதகவென்று வந்து நிற்கும். கைப்பிடி, வளையம் போன்ற, காபி படாத இடங்களில் பித்தளை வைத்த சாமானை நான் தைரியமாக வாங்குவேன்.

தண்ணீர்: யார் கண்ணிலும் படாத, ஆனால் முதலில் வாங்க வேண்டிய சாமான்

போர் தண்ணீரைப் பற்றிப் பேச்சே வேண்டாம். மிச்சம் இருப்பது மூன்று: காவிரிக் கூட்டுக் குடிநீர், கேன் தண்ணீர், வீட்டு ஆர்.ஓ. இவற்றில் எது நல்லது என்பதை வாயில் வைத்துச் சொல்ல முடியாது. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கிற, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற டிடிஎஸ் மீட்டர் சொல்லும். ஸ்பெஷாலிட்டி காபி அசோசியேஷன் என்ற சர்வதேச அமைப்பு வைத்திருக்கிற அளவு லிட்டருக்கு 150 மில்லிகிராமை ஒட்டி. 75-க்குக் கீழும் 250-க்கு மேலும் வேண்டாம் என்கிறது. ஆர்.ஓ. தண்ணீர் பெரும்பாலும் அதற்குக் கீழேதான் நிற்கும். அதில் போட்ட காபி சப்பென்று இருக்கும். போதாக்குறைக்கு, பாய்லரில் தண்ணீர் மட்டம் பார்க்கிற சென்சார் சில மெஷின்களில் உப்பே இல்லாத தண்ணீரைக் கண்டுபிடிக்காமல் திணறும்.

இரண்டையும் கலப்பதுதான் வழி. கேன் 30 காட்டுகிறது, குழாய் 400 காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பங்கு கேனுக்கு ஒரு பங்கு குழாய்த் தண்ணீர் ஊற்றினால் 120-ஐ ஒட்டி வந்துவிடும். கடற்கரைக்காரர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், எந்த உப்பு என்று காட்டாது. சுண்ணாம்பு படிந்தால் டீஸ்கேல் செய்து எடுத்துவிடலாம். குளோரைடு துளைத்த பாய்லரை ஒன்றும் செய்ய முடியாது. குழாய்த் தண்ணீர் நாக்கில் லேசாகக் கரித்தாலும் கலவைக்கு அது ஆகாது. விலை கூடிய வடிகட்டி ஜாடிகள் சுண்ணாம்பைக் குறைக்கும், கரிக்கிற உப்பைக் குறைக்காது. பார்க்க லட்சணமாக இருக்கும் என்பதைத் தவிர, இந்தக் கரையில் அவற்றால் பாதிப் பயன்தான்.

டேம்பர்: ஒரே கட்டியா, ஸ்பிரிங் வைத்ததா

முதலில் அளவு. டெலோங்கி டெடிகாவுக்கு 51 மி.மீ., பிரெவில் பாம்பினோவுக்கு 54, காஜியா கிளாசிக்குக்கும் ரான்சிலியோ சில்வியாவுக்கும் 58. மாற்றி வாங்கினால் பேப்பர் வெயிட் ஆகத்தான் உதவும். 58 பாஸ்கெட்டுக்கு 58.5 டேம்பர் விற்கிறார்கள். துல்லியமான பாஸ்கெட் வைத்திருந்தால் ஓரத்தில் தூள் வளையம் தங்காமல் அமுக்க அது உதவும். மெஷினோடு வந்த பாஸ்கெட் என்றால் முதலில் அளந்து பாருங்கள்.

ஸ்பிரிங் டேம்பர் குறிப்பிட்ட அழுத்தம் வந்ததும் 'டக்' என்று நிற்கும். வீட்டில் நாலு கை காபி போடும் என்றால் இதுதான் நல்லது; அப்பா அமுக்கினாலும் மகள் அமுக்கினாலும் ஒரே மாதிரி. ஆனால் உள்ளே ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. தூளும் ஈரக்காற்றும் உள்ளே புகுந்தால் கொஞ்ச நாளில் கறகறவென்று இறங்கும், 'டக்' கேட்காது. ஆலன் கீ போட்டுக் கழற்றித் துடைக்க முடிகிற மாடலாகப் பார்த்து வாங்க வேண்டும். கழற்றவே முடியாதபடி அடைத்து வருகிறவை இங்கே காசுக்குக் கேடு. ஒற்றை ஆள் காபி என்றால் ஒரே எஃகுக் கட்டி போதும். அதில் துருப்பிடிக்க உள்ளே ஒன்றுமில்லை. எத்தனை கிலோ அழுத்தம் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். தூள் இறுகி நின்றபின் மேற்கொண்டு அமுக்குவதால் பெரிதாக ஒன்றும் மாறாது. சாயாமல் சமமாக அமுக்குகிறோமா என்பதே முக்கியம்.

கைப்பிடிக்கு ஈட்டி மரமும் வால்நட் மரமும் போட்டு விலையை ஏற்றியிருப்பார்கள். நம் பக்கம் அதைவிட ஒன்று இருக்கிறது: வைரம் பாய்ந்த பனை. சாயல்குடிப் பக்கம் விழுந்த பழைய மரத்தின் வெளிப்பக்கத் துண்டு கிடைத்தால், கடைசல் தெரிந்த ஆசாரியிடம் கொடுத்துக் கைப்பிடி கடைந்து வாங்கலாம். கறுப்பும் பழுப்புமாக வரி ஓடும் அந்த அழகு எந்த கேட்டலாக்கிலும் இல்லை. உள்பக்கச் சோறு வேண்டாம், அது பொரபொரத்துப் போகும். முனைகளில் நார் பிரிந்து கையில் சிலாம்பு ஏறாமலிருக்க நன்றாக இழைத்து எண்ணெய் ஊட்ட வேண்டும். அடித்தட்டை மட்டும் எஃகில் வாங்கி, அதன் திருகுக்குத் தக்கபடி துளை போடச் சொன்னால் வேலை முடிந்தது.

ஊசியா, சுழல் தட்டா

போட்டோவில் பார்த்தால் சுழல் தட்டு அழகு. பாஸ்கெட் மேல் வைத்துச் சுற்றினால் தூளின் மேல்பரப்பு கண்ணாடி போல மட்டமாகிவிடும். மேல்பரப்பு மட்டும்தான். அடியில் கட்டி இருந்தால் அப்படியே இருக்கும். 9 பார் அழுத்தத்தில் வருகிற தண்ணீர் கட்டியைச் சுற்றி இடுக்குப் பார்த்து ஓடிவிடும். பாதித் தூள் கசந்தும் பாதித் தூள் புளித்தும் ஒரே கோப்பைக்குள் விழும். ஜான் வைஸ் என்பவர் 2005-இல் சொன்ன ஊசிக் கிளறல் இதற்குத்தான் வந்தது. மெல்லிய ஊசிகளால் அடிவரை கிளறிக் கட்டியை உடைப்பது. ஊசி 0.3, 0.4 மி.மீ. இருந்தால் நல்லது, தடித்தால் கிளறாது, உழும். பாட்டில் கார்க்கில் அக்குபஞ்சர் ஊசியைக் குத்தி வீட்டிலேயே செய்துகொள்ளலாம். தையல் ஊசி வேண்டாம், இந்தக் காற்றில் சீக்கிரம் சிவந்துவிடும். இந்தப் போட்டியில் ஊசிக்கு என் ஓட்டு, யோசிக்கவே வேண்டியதில்லை.

இதோடு சேர்த்து விற்கிற சின்ன ஸ்ப்ரே பாட்டிலை விட்டுவிடுங்கள். கிரைண்டரில் மின்னூட்டம் ஏறித் தூள் பறப்பதைத் தடுக்க, அரைக்கும் முன் கொட்டையில் நீர் தெளிப்பதற்கானது அது. வறண்ட ஊர்க்காரர்களின் தலைவலி. நம் ஊர்க் காற்றின் ஈரமே அந்த வேலையைப் பெரும்பாலும் பார்த்துவிடுகிறது. அந்தக் காசை நன்றாக மூடுகிற ஜாடியில் போடுங்கள். தாண்டிக்குடி மலையிலிருந்து ஆசையாக வரவழைத்த காபிக் கொட்டை ஐப்பசி மழையில் திறந்து கிடந்தால் ஈரம் வாங்கிவிடும். நேற்று சரியாக இருந்த கிரைண்டர் அளவு இன்று பொருந்தாது.

தராசு

18 கிராம் தூளுக்கு 36 கிராம் காபி, 25 முதல் 30 விநாடிக்குள். இது பொதுவான தொடக்கக் கணக்கு. இதைப் பார்க்க 0.1 கிராம் காட்டும் தராசு வேண்டும். டைமர் உள்ள சார்ஜ் தராசும் இருக்கிறது, பேட்டரி போடும் சாதாரணத் தராசும் இருக்கிறது. சார்ஜ் துளைதான் முதலில் கெடும் இடம். ரப்பர் மூடி இல்லாத மாடல் வேண்டாம். பேட்டரி ரகத்தில் தகட்டில் பச்சை பூக்கும், ஆனால் அதைச் சுரண்டித் துடைத்துச் சமாளிக்கலாம். டைமருக்கு போன் இருக்கிறது. அதனால் விலை குறைந்ததே போதும் என்பது என் கட்சி, மெஷின் குழாய்க்குக் கீழே கோப்பையோடு நுழைகிற உயரமா என்று மட்டும் பார்த்துக்கொண்டால். அப்புறம், மின்விசிறிக்கு நேர் கீழேயோ கடல் பக்க ஜன்னலோரத்திலோ வைத்தால் கடைசி எண் நிற்காமல் ஆடும். தராசு கெட்டுப்போனதாக நினைத்துத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

அமுக்குவதற்கு மரப்பெட்டி மேடையா, சிலிக்கான் விரிப்பா? விரிப்பு. மரமேடையின் அடியில் பூசணம் பிடிக்கும். சக்கை தட்டும் டப்பா எதுவானாலும் பரவாயில்லை, அன்றாடம் காலி செய்கிற அளவுக்குச் சின்னதாக இருந்தால் சரி. சக்கையை மல்லிச் செடி மண்ணில் கொஞ்சமாகக் கலந்துவிடலாம். தங்கச்சிமடத்து மல்லிக் கன்று வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதே இல்லை.

சாமான்களை அடுக்கி வைக்க அக்ரிலிக் பெட்டி விற்கிறார்கள். ஈரத்தோடு உள்ளே வைத்தால் வேர்த்துக் கொட்டும். மூடியில்லாத ஓலைக் கொட்டான் காற்றாட வைத்திருக்கும், மேசைக்கும் லட்சணம். மழைக்காலத்தில் அவ்வப்போது வெயில் காட்டினால் போதும்.

ஜக்கும் கோப்பையும்

ஒருவருக்கு என்றால் 350 மி.லி. ஜக், இரண்டு பேருக்கு 600. பெரிய ஜக்கில் ஒரு கோப்பைப் பால் ஊற்றினால் நீராவிக் குழாய் முனைக்குப் பாலே எட்டாது. கறுப்புப் பூச்சு ஜக் படத்தில் கம்பீரம். மூக்கு நுனியில் முதலில் உரியும். சாதா எவர்சில்வரே எடுங்கள். நுரை தடிப்பாக வேண்டும் என்பவர்கள் ஜக்கை மாற்றுவதற்கு முன் பாலை மாற்றிப் பார்க்கலாம். ஆவின் ஆரஞ்சில் 6 சதவீதம் கொழுப்பு, நீலத்தில் 3. வாயில் அந்த வித்தியாசம் தெளிவாகத் தெரியும்.

கோப்பையில் இரட்டைச் சுவர்க் கண்ணாடிதான் இப்போது எல்லார் கண்ணிலும். நிறம் தெரியும், கை சுடாது. ஆனால் இடித்தால் போச்சு. தடித்த பீங்கான், மெஷின் மேல் வைத்துச் சூடாக்கிக்கொண்டால் 30 மி.லி. காபியை ஆறவிடாது. டம்ளரும் டவராவும் ஆற்றிக் குடிக்கிற காபிக்குப் பிறந்தவை. இந்தத் துளிக் காபியை அதில் ஊற்றினால் அடியில் தேட வேண்டும்.

காசு கொடுத்து வாங்கும் முன், கீழக்கரை, பனைக்குளம் பக்கம் சொந்தமோ சிநேகிதமோ இருந்தால் விசாரியுங்கள். வளைகுடாவிலிருந்து வந்த பிடியில்லாத குட்டி அரபுக் கோப்பைகள் பல வீட்டு ஷோகேஸில் இருக்கின்றன. எஸ்பிரெஸோவுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும், ஓரத்தில் தங்கக் கோடு வேறு. நண்பன் வீட்டு லாத்தாவிடம் சும்மா கேட்டதற்கு, "அது யாரும் குடிக்காமத்தான் தூங்குது, எடுத்துட்டுப் போங்க தம்பி. ஒன்னு உடைஞ்சாலும் சொல்லிடுங்க, செட்டு கெட்டுடும்" என்று பெட்டியோடு கொடுத்தார்கள். தங்கக் கோடு இருப்பதால் மைக்ரோவேவில் மட்டும் வைக்கக் கூடாது.

கடைசியாக இரண்டு ஆடம்பரம்

தூளின் மேல் வைக்கிற பக் ஸ்க்ரீன் என்ற வட்டச் சல்லடை, மெஷின் வாயில் தூள் ஒட்டாமல் காக்கும். அது சுமார் 1.7 மி.மீ. தடிமன் என்றால் அந்த அளவுக்கு பாஸ்கெட்டில் இடம் விட வேண்டும். நுண்ணிய கண்களில் எண்ணெய் அடைக்கும், தினமும் கழுவி உலர்த்த வேண்டும். காகித வட்டம் போட்டால் கழுவும் வேலை இல்லை, ஆனால் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். சோம்பேறிக்குக் காகிதம், மற்றவர்களுக்கு 316 சல்லடை.

அடிப்பகுதி திறந்த போர்ட்டாஃபில்டர், அதாவது பாஸ்கெட்டைத் தாங்கி மெஷினில் மாட்டும் கைப்பிடி, அழகில் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடும். புலி வரி போட்டுத் தேன் நிறத்தில் காபி திரண்டு நடுவில் ஒன்றாகச் சேர்ந்து இறங்குவதைப் பார்க்கவே அதை வாங்கலாம். பயனும் உண்டு: எந்த இடத்தில் தண்ணீர் இடுக்குப் பிடித்து ஓடுகிறது என்று அப்பட்டமாகக் காட்டிவிடும். மலிவான அலுமினிய ரகத்தைத் தவிர்த்து எஃகில் வாங்குங்கள். அதுவும் ஊசிக் கிளறல் கை வந்த பிறகு. அதற்கு முன் வாங்கினால் காபி நூல் நூலாக நாலு பக்கமும் பீய்ச்சும். வெள்ளை வேட்டியோடு பக்கத்தில் நிற்க வேண்டாம்.