‘போஸ்டருடன்’ என்ற ஒரு சொல்லுக்கு 165 பவுண்டு

சாரா ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட 7 அங்குல இசைத்தட்டுகளைச் சேர்ப்பவர்களும், இனிமேல் சேர்க்கலாம் என்று நினைப்பவர்களும் இதைப் படித்துவிட்டு வாங்கப் போங்கள். போன அக்டோபரில் ஒரு தட்டுக்கு 165 பவுண்டு கொடுத்து ஏமாந்தேன். பணம் திரும்ப வரவில்லை. விற்ற ஆள் இன்னமும் விற்றுக்கொண்டிருக்கிறார், அதனால்தான் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. 1987இல் பிரிஸ்டல் நகரத்தில் கிளேர் வாட், மாட் ஹேன்ஸ் என்ற இரண்டு இளைஞர்கள் வீட்டில் இருந்தபடியே ஆரம்பித்த நிறுவனம் இது. கிடார் மணிமாதிரி ஒலிக்கும், பாடுபவரின் குரல் கூச்சத்தோடு வரும், மூன்று நிமிடத்தில் பாட்டு முடிந்து மனசில் எதையோ விட்டுவிட்டுப் போகும். அந்த வகை இசையை ஒரு கடமையைப் போலச் செய்தார்கள். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஓர் எண் கொடுத்து, 1995இல் 100 வந்ததும் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து நிறுத்திக்கொண்டார்கள். 100 என்றால் நூறும் தட்டுகள் என்று நினைத்துவிடாதீர்கள். 4ஆம் எண் ஒரு சிற்றிதழ், 50ஆம் எண் ஒரு பலகை விளையாட்டு. ரசிகர்களிடம் தேவையில்லாமல் காசு பிடுங்கக் கூடாது என்பதில் அந்த இருவரும் பிடிவாதமாக இருந்தார்கள். அவர்கள் போட்ட தட்டை வைத்தே இப்படி நடப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எண் 1, ‘தி சீ அர்ச்சின்ஸ்’ குழுவின் ‘பிரிஸ்டீன் கிறிஸ்டீன்’. அவர்கள் வெஸ்ட் பிராமிச் ஊர்க்காரர்கள். நான் இருப்பது பர்மிங்ஹாமில், டிராமில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் அங்கே போய்விடலாம். பதினோரு வருஷமாகச் சேர்க்கிறேன். சனிக்கிழமை ரெக்கார்டு சந்தைகளிலும் பழைய பொருள் விற்கும் அறக்கட்டளைக் கடைகளிலும் பெட்டி பெட்டியாகப் புரட்டி நாற்பதுக்கு மேல் சேர்த்துவிட்டேன். முதல் எண்ணுக்கான இடம் அலமாரியில் காலியாகவே இருந்தது.

அது ஏன் கிடைப்பதில்லை என்பதைப் புரிந்துகொண்டால் ஏமாற்று எங்கே நடக்கிறது என்பதும் புரியும். இந்தத் தட்டுக்கு ஒட்டிய அட்டை உறை கிடையாது. ஒரு தாளை மடித்து அதற்குள் தட்டை வைத்து, கூடவே போஸ்டரையும் மடித்து, பாலித்தீன் பையில் போட்டு விற்றார்கள். வாங்கிய பிள்ளைகள் போஸ்டரை எடுத்து அறைச் சுவரில் குத்திவிட்டார்கள். பை கிழிந்தது, தாள் மடங்கியது. தட்டு தப்பித்தாலும் காகிதம் தப்பிக்கவில்லை. ஆகவே வெறும் தட்டுக்கு ஒரு விலை, எல்லாக் காகிதமும் சேர்ந்திருந்தால் வேறு விலை. நகல் எடுக்கச் சுலபமானதும் அந்தக் காகிதம்தான்.

நான் பார்த்த விற்பனை விளம்பரத்தில் இப்படி இருந்தது: “1987 ஒரிஜினல் தட்டு. நியர் மின்ட். உறை, போஸ்டருடன்.” ‘நியர் மின்ட்’ என்றால் ஏறக்குறையப் புதுசு மாதிரி என்று அர்த்தம். கூடவே மூன்று படங்கள். மூன்றிலும் போஸ்டர் மடித்தபடி பைக்குள்ளேயே இருந்தது. விரித்து ஒரு படம் அனுப்ப முடியுமா என்று கேட்டேன். “முப்பது வருஷத்துக்கு மேலான காகிதம், அடிக்கடி விரித்தால் மடிப்பில் கிழிந்துவிடும்” என்று பதில் வந்தது. பழைய காகிதத்தின் மேல் இவ்வளவு அக்கறை உள்ளவர் நல்லவராகத்தான் இருப்பார் என்று நம்பிவிட்டேன். பணத்தைப் பேபாலில் ‘நண்பர்கள், குடும்பத்தினர்’ வழியாக அனுப்பினால் ஐந்து பவுண்டு குறைப்பதாகச் சொன்னார். அதற்கும் சரி என்றேன்.

பார்சல் வந்த அன்று வேலை முடிந்து வந்து, கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் பிரித்தேன். போஸ்டரை மேசைமேல் விரித்ததும் ஏதோ சரியில்லை என்று தோன்றியது. குறுக்கும் நெடுக்குமாக மடிப்புக்கோடு இருந்தது. ஆனால் ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்திலேயே, அரை சென்டிமீட்டர் தள்ளி, சாம்பல் நிறத்தில் இன்னொரு கோடு. விரலால் தடவினேன். ஒரு கோடு விரலில் தட்டியது, மற்றது தட்டவே இல்லை. அது மடிப்பே அல்ல, மடிப்பின் அச்சு. யாரோ அசல் போஸ்டரை ஸ்கேன் செய்து, அதன் மடிப்பு நிழலோடு சேர்த்து அச்சடித்து, புதிய தாளை மறுபடி மடித்திருக்கிறார்கள். இடது கீழ் மூலையில் குண்டூசி குத்திய ஓட்டையும், அதைச் சுற்றித் துருக்கறையும் தெரிந்தன. தாளைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்தேன். ஓட்டை வழியாக வெளிச்சம் வரவில்லை. ஓட்டையும் அச்சுதான். யாரோ ஒரு பிள்ளை தன் அறையில் ஆசையாக மாட்டிவைத்த போஸ்டரின் நகல் அது. அந்த அசல் இப்போது யாரிடம் இருக்கிறதோ.

அப்புறம் உறையைப் பார்த்தேன். அதுவும் நகல். ஓரத்து வெட்டு பிளேடு பட்டதுபோலப் புத்தம் புதிதாக இருந்தது. தட்டு மட்டும் உண்மையானது. பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் வருகிற வெற்று வளையத்தில் கீறியிருக்கும் எண்ணை, இசைத்தட்டு விவரங்களைத் தொகுத்து வைத்திருக்கும் டிஸ்காக்ஸ் இணையதளத்தில் இருக்கும் பதிவோடு ஒப்பிட்டேன், சரியாகவே இருந்தது. ஆனால் நியர் மின்ட் என்பது பொய். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் முதல் பக்கத்தில் ஒரு நீளமான கீறல் தெரிந்தது. ஊசியை வைத்தேன். நிமிடத்துக்கு 45 சுற்று, அதாவது ஒரு சுற்றுக்கு ஒன்றேகால் நொடிக்குச் சற்று மேல். அந்த இடைவெளி தவறாமல் டிக், டிக் என்று பாட்டின் பாதிவரை வந்தது. பதினோரு வருஷம் காத்திருந்து கேட்ட பாட்டு அப்படித்தான் கேட்டது.

அன்று இரவே எழுதினேன். இரண்டு நாள் கழித்து வந்த பதில்: “தட்டு ஒரிஜினல் என்றுதான் எழுதியிருந்தேன். போஸ்டருடன் என்றேன், ஒரிஜினல் போஸ்டர் என்று சொல்லவில்லையே.” விளம்பரத்தைப் போய்ப் பார்த்தால் உண்மையிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறார். ‘ஒரிஜினல்’ என்ற சொல் தட்டின் பக்கத்தில் மட்டும்தான் நிற்கிறது. கீறலைப் பற்றிக் கேட்டதற்கு, கண்ணால் பார்த்துத்தான் தரம் போட்டேன், ஓடவிட்டுப் பார்க்கவில்லை என்றார். பத்து பவுண்டு திருப்பித் தருகிறேன் என்று சொன்னார், நான் முழுப்பணமும் வேண்டும் என்றதும் என்னை பிளாக் செய்துவிட்டார். பேபாலிடம் போனேன். பொருள் வாங்குவதற்கான வழியில் பணம் கட்டியிருந்தால் 180 நாளுக்குள் புகார் கொடுக்கலாம். நண்பருக்கு அனுப்புவதுபோல அனுப்பிய பணத்துக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. ஐந்து பவுண்டு மிச்சம் பிடிக்கப் போய் அந்த உரிமையை நானே விட்டுக்கொடுத்திருக்கிறேன்.

இந்த மாதிரித் தட்டு வாங்கும்போது போஸ்டர், உறை, உள்ளே வரும் துண்டுத்தாள் ஒவ்வொன்றும் 1987இல் அச்சானதுதானா என்று தனித்தனியாகக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். விரித்த படம், பின்பக்கப் படம், விளக்குக்கு எதிரே பிடித்த படம் மூன்றும் கேளுங்கள். கிழிந்துவிடும் என்று சொல்பவரிடம் வாங்கவே வாங்காதீர்கள். மடித்த காகிதத்தை ஒருமுறை மெதுவாக விரித்தால் ஒன்றும் ஆகாது, என்னிடம் உள்ள நாற்பதிலும் விரித்துப் பார்த்திருக்கிறேன். விற்பவரின் நற்பெயர் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து நம்பாதீர்கள். இந்த ஆளுக்கு நல்ல மதிப்பெண்தான், ஆனால் பின்னால் போய்ப் பார்த்தபோது பெரும்பாலும் மூன்று, நான்கு பவுண்டு தட்டுகளுக்குக் கிடைத்தவை. பாட்டு மட்டும் போதும் என்பவர்களுக்கு 1988இல் வந்த ‘ஷேடோ ஃபேக்டரி’ தொகுப்பிலேயே இது இருக்கிறது, இவ்வளவு செலவு செய்ய வேண்டியதில்லை.

நகல் போஸ்டரின் பின்பக்கத்திலும் உறையின் உள்பக்கத்திலும் பென்சிலால் ‘நகல்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். நாளைக்கு என் பெட்டி யார் கைக்குப் போனாலும் அவர்களுக்குத் தெரியட்டும்.

போன வாரம் வேறொரு பெயரில் அதே தட்டு விற்பனைக்கு வந்திருந்தது, ‘போஸ்டருடன்’. இந்த முறை போஸ்டரைப் பாதி விரித்து ஒரு படம் போட்டிருந்தார்கள். இடது கீழ் மூலையில் அதே ஓட்டை, அதைச் சுற்றி வலப்பக்கம் மட்டும் வால்போல நீண்ட அதே துருக்கறை. அந்தக் கறையை எங்கே பார்த்தாலும் பணத்தை அனுப்பாதீர்கள்.