கம்பெனியை விற்கும் நேரத்தில் ஈசாப்: நான் 10 லட்சத்தை விட்ட கதை

"மார்ச்சுக்குள் எக்ஸர்சைஸ் பண்ணிடுங்க" என்று எச்.ஆரிடமிருந்து மெயில் வந்திருக்கிறதா? ஈசாப் என்பது ஊழியர்களுக்குக் கம்பெனிப் பங்கைக் குறித்த விலைக்கு வாங்கும் உரிமை (ஆப்ஷன்) தரும் திட்டம். பணம் கட்டி அந்த உரிமையைப் பங்காக மாற்றுவதுதான் எக்ஸர்சைஸ். பணம் கட்டுவதற்கு முன் தயவுசெய்து இதைப் படியுங்கள்.

சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு மென்பொருள் கம்பெனி. சேரும்போது சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு 8,000 ஆப்ஷன் வாங்கினேன். பாதி வெஸ்ட் ஆகியிருந்தது, அதாவது 4,000 ஆப்ஷனை நான் பயன்படுத்தலாம் என்ற நிலை. எச்.ஆர் மேலாளர் கூப்பிட்டு எக்செல் ஷீட்டைத் திறந்தார். பங்கு ஒன்று 100 ரூபாய்க்குக் கிடைக்கும், மதிப்பு 600. பச்சைக் கட்டத்தில் 20,00,000 என்று இருந்தது. "இது இன்னிக்கு மதிப்பு சார். அடுத்த முதலீட்டு ரவுண்டுல எங்கேயோ போயிடும். இப்ப எடுத்தா வரியும் கம்மி" என்றார்.

4,000 பங்குக்கு 4 லட்சம் கட்டினேன். கட்டிய விலைக்கும் மதிப்புக்கும் இடைப்பட்ட 20 லட்சம் சம்பளத்தோடு சேர்ந்த வருமானமாகிவிடும், செஸ்ஸோடு 31.2 சதவீதம், 6.24 லட்சம் வரி. கையில் அவ்வளவு இல்லை. மனைவியின் ஆரத்தையும் நான்கு வளையலையும் அடகு வைத்தோம்.

ஐந்து மாதத்தில் கம்பெனியை 210 கோடிக்கு விற்றார்கள். ஜூம் மீட்டிங்கில் யாரும் கேள்வி எழுத முடியாதபடி சாட் பாக்ஸை மூடி வைத்துவிட்டு அறிவித்தார்கள். அடுத்த வாரம் வந்த மெயிலில் என் பங்கின் விலை 12 ரூபாய். மொத்தம் 48,000, அதிலும் பத்து சதவீதத்தை எஸ்க்ரோவில் (மூன்றாம் தரப்பு வைத்திருக்கும் கணக்கு) 18 மாதம் நிறுத்திவிட்டு 43,200 கணக்கில் போட்டார்கள். வெஸ்ட் ஆகாத 4,000 ஆப்ஷன் ரத்து. திட்டத்தில் "போர்டின் முடிவுப்படி" என்று ஒரு வரி இருந்ததாம்.

ஏன் 12 ரூபாய்? முதலீட்டாளர்கள் போட்ட 200 கோடிக்கு லிக்விடேஷன் பிரிஃபரன்ஸ் இருந்தது. அதாவது, விற்ற பணத்தில் அவர்கள் முதலில் எடுத்துக்கொள்வார்கள். கடனும் செலவும் போக மிஞ்சிய 6 கோடியைத்தான் 50 லட்சம் சாதாரணப் பங்குகளுக்குப் பிரித்தார்கள். 600 ரூபாய் என்பது வரிக்காக எடுத்த மதிப்பீடு. விற்றால் என் கைக்கு என்ன வரும் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இதை அந்த ஷீட்டில் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. எங்களை அவசரப்படுத்தி மெயில் அனுப்பியபோதே விற்பனைப் பேச்சு நடந்துகொண்டிருந்தது என்று அக்கவுண்ட்ஸில் இருந்த அண்ணன் பிறகு சொன்னார். எனக்கு ஆறாதது இதுதான்.

அமெரிக்காவிலும் இது நடந்திருக்கிறது. ஒரு காலத்தில் 100 கோடி டாலருக்கு மேல் மதிப்பிடப்பட்ட குட் டெக்னாலஜி, 2015இல் 42.5 கோடி டாலருக்கு பிளாக்பெர்ரியிடம் போனது. ஊழியர்களின் சாதாரணப் பங்குக்குக் கிடைத்தது 44 சென்ட். பழைய உயர்ந்த மதிப்புக்கு வரி கட்டிய ஊழியர்கள் அங்கேயும் உண்டு.

கட்டிய வரி திரும்ப வராது. வரிக் கணக்கில் பங்குகளின் அடக்கவிலை 600 வீதம் 24 லட்சம், விற்று வந்தது 48,000; எனவே எனக்கு 23.52 லட்சம் மூலதன நஷ்டம். ஆனால் அதைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. எட்டு வருடத்துக்குள் வேறு மூலதன ஆதாயம் வந்தால்தான் உதவும்.

எனவே பணம் கட்டுமுன் எழுத்தில் கேளுங்கள்: மொத்தப் பங்கு எத்தனை, லிக்விடேஷன் பிரிஃபரன்ஸ் மொத்தம் எத்தனை கோடி, விற்றால் வெஸ்ட் ஆகாதவை என்ன ஆகும், வேலையை விட்டால் எக்ஸர்சைஸ் செய்ய எத்தனை நாள். வாய்வார்த்தை வேண்டாம். 20 லட்சம் காட்டிய அந்த ஷீட்டை எனக்கு யாரும் மெயிலில் அனுப்பவில்லை. இன்று என்னிடம் ஆதாரம் என்று எதுவும் இல்லை.

பதில் தராவிட்டாலும் ஒரு வழி இருக்கிறது. முதலீடு வாங்கிய கம்பெனிகள் இந்த விதிகளைப் பெரும்பாலும் ஆர்ட்டிகிள்ஸ் ஆஃப் அசோசியேஷன் என்ற கம்பெனியின் விதிமுறை ஆவணத்திலும் சேர்த்திருக்கும். கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்.சி.ஏ தளத்தில் 100 ரூபாய் கட்டினால் யாரும் அதைப் பார்க்கலாம். எல்லாம் முடிந்தபின் ஒரு ராத்திரி நானும் பார்த்தேன். எந்தப் பங்குக்கு முதலில் பணம், எதற்குக் கடைசியில் என்று வரிசையாகவே எழுதியிருந்தது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து படித்துவிட்டு, "இது அப்பவே இருந்துச்சா?" என்று கேட்டாள். இருந்தது. நான் சேர்வதற்கு முந்தைய வருடத் தேதி அதில்.

ஆரத்தை மீட்டுவிட்டோம். வளையல் இன்னும் அடகில் இருக்கிறது.