அடித்தள அறையின் உட்கூரைக்கு ஒலித்தடுப்பு: நான்கு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

வீட்டின் அடித்தள அறையில்தான் என் வேலை முழுவதும் நடக்கிறது. மேலே அண்ணன் குடும்பம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே மரச்சட்டங்களும் பலகையும் ஒற்றை ஜிப்சம் போர்டும் மட்டுமே இருந்ததால், அவர்கள் பேசுவது சொல் சொல்லாகக் கேட்கும். நாற்காலியை நகர்த்தினால் என் தலைமேலேயே இழுப்பது போலிருக்கும். நான்கு ஆண்டுகளுக்கு முன் உட்கூரைக்கு ஒலித்தடுப்பு செய்தேன். வேலை முடிந்த வாரத்திலேயே எழுதியிருந்தால் பாராட்டை மட்டும்தான் எழுதியிருப்பேன்.

அதற்கு முன் ஒரு வீண் செலவும் செய்திருந்தேன். மேடு பள்ளமான நுரைப்பஞ்சுத் தகடுகளை வாங்கிக் கூரை முழுக்க ஒட்டினேன். அவை அறைக்குள் எழும் எதிரொலியை உறிஞ்சுமே தவிர, எடையே இல்லாத அந்தப் பஞ்சால் மேலிருந்து இறங்கும் சத்தத்தை மறிக்க முடியாது. அறையின் எதிரொலி அடங்கியதால் மேல் சத்தம் முன்பைவிடத் துலக்கமாகக் கேட்டதுதான் மிச்சம்.

இரண்டாம் முறை பழைய போர்டை முழுவதும் கழற்றிவிட்டுத் தொடங்கினேன். பழையதன் கீழேயே புதிய கூரையைத் தொங்கவிட்டால் நடுவில் சிக்கும் மெல்லிய காற்றடுக்கு சுருள்வில் போல இயங்கி, தாழ்ந்த ஒலிகளை இன்னும் மோசமாக்கிவிடும். சட்டங்களுக்கு இடையே ராக் வூல் என்ற பாறை இழைப் பஞ்சை அழுத்தித் திணிக்காமல் நிரப்பி, சட்டத்தின் அதிர்வு போர்டுக்கு இறங்காதபடி ரப்பர் பொருத்திய கிளிப்புகளில் இரும்புச் சேனலை மாட்டி, அதன்மேல் 16 மி.மீ. ஜிப்சம் போர்டு இரண்டு அடுக்கு பொருத்தப்பட்டது. இரு போர்டுகளுக்கும் இடையில் அதிர்வை விழுங்கும் பசை பூசப்பட்டது. இரண்டு அடுக்கும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 20 கிலோவுக்கு மேல் எடை வரும் என்பதால், கிளிப்புகளின் இடைவெளியைக் கணக்குப் போட்டுத்தான் வைக்க வேண்டும். கூரையின் உயரத்தில் ஏறத்தாழ 7 செ.மீ. போயிற்று. சுவரை ஒட்டி 6 மி.மீ. இடைவெளி விட்டு, இறுகிப்போகாத ஒலித்தடுப்பு சீலன்ட் என்ற அடைப்புப் பசையால் அடைத்தோம். அது இன்றும் நகத்தால் அழுத்தினால் குழிகிறது.

பேச்சுக் குரலைப் பொறுத்தவரை பலன் முழுமையானது. தொலைக்காட்சி ஓடுவது தெரியும், என்ன ஓடுகிறது என்று தெரியாது. ஆனால் குதிகால் ஊன்றி நடக்கும் அந்த ‘தொம் தொம்’ போகவில்லை. ஏமாற்றத்துக்குக் காரணம் நான் தரமதிப்பு எண்களை நம்பிய விதம். குரல் போலக் காற்றில் வரும் ஒலிக்கு எஸ்.டி.சி. என்ற எண்ணும், தரையில் விழும் அடிக்கு ஐ.ஐ.சி. என்ற எண்ணும் தருகிறார்கள். முன்னது 125 ஹெர்ட்ஸிலும் பின்னது 100 ஹெர்ட்ஸிலும்தான் அளக்கத் தொடங்குகின்றன. மரத்தளத்தில் நடக்கும்போது எழும் அதிர்வில் பெரும்பங்கு அதற்கும் கீழே, இன்னும் தாழ்ந்த ஒலியாக இருப்பதால், காதுக்குத் தெரியும் அந்தத் தொல்லை எண்ணில் தெரியாது.

ஒரு மூலையில் மட்டும் சத்தம் தனியாக இறங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் மகனை மேலே அதே இடத்தில் குதிக்கச் சொல்லிவிட்டு, நான் ஏணியில் நின்று உள்ளங்கையைக் கூரையில் வைத்து நகர்த்திக்கொண்டே போனேன். “சித்தப்பா, இப்பக் கேக்குதா?” என்று அவன் பத்தாவது முறை கத்தியபோது, ஒரு சாண் அகலத்தில் மட்டும் அதிர்வு கைக்கு எட்டியது. பூச்சைச் சுரண்டிப் பார்த்தால், போர்டு மாட்டியவர் தேவைக்கு மேல் நீளமான திருகாணியைப் போட்டிருந்தார். அது சேனலைத் தாண்டி நேரே மரச்சட்டத்தில் இறங்கியிருந்தது. கிளிப்புகள் செய்த வேலையை அந்த ஒரு திருகாணி அங்கே இல்லாமல் ஆக்கிவிட்டது. அதைக் கழற்றிக் குட்டையானதைப் போட்டதும் அந்த மூலை மற்ற இடங்களைப் போல ஆயிற்று. போர்டு ஏற்றும் நாளில் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று திருகாணியின் நீளத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

கூரைக்குள் புதைக்கும் விளக்குகளை நான் தவிர்த்துவிட்டேன். ஒவ்வொன்றும் ஒரு ஓட்டை. காற்றுக் குழாயை மட்டும் மறந்துவிட்டேன். இரண்டாம் ஆண்டில் அதன் உட்புறத்துக்கு உறிஞ்சும் மெத்தை ஒட்டி, நேராக வந்த குழாயை ஒரு வளைவு கொடுத்துத் திருப்பிய பிறகுதான் அதன் வழியாக வந்த குரல் நின்றது.

மூன்றாம் ஆண்டில் மேல் தரையில் கனமான ரப்பர் அடிவிரிப்பின் மேல் கம்பளம் விரித்தார்கள், நாற்காலிக் கால்களுக்குக் கம்பளித் துண்டு ஒட்டினார்கள். அடி விழும் இடத்திலேயே அதன் கூர்மை மழுங்கிவிடுவதால், என் கூரையால் ஆகாததை அந்த ஒரு பிற்பகல் வேலை பாதிக்கு மேல் செய்துவிட்டது. மேல் தளத்தாரிடம் கேட்கக்கூடிய உறவு இருப்பவர்கள் அங்கிருந்தே தொடங்கலாம். நான் வரிசையைத் தலைகீழாகச் செய்தேன். மெத்தென்ற ஒரு தட்டல் இன்னும் வருகிறது, வேலையைக் கெடுப்பதில்லை.

இந்த ஆண்டு மேலுள்ள குழாய் இணைப்பு ஒன்று கசிந்தது. வால்வை எட்ட வழி விட்டிருக்கவில்லை என்பதால் கூரையை வெட்ட வேண்டியதாயிற்று. அந்த இடத்தில் இப்போது அதே இரட்டைப் போர்டில் செய்து, ஓரத்தில் ரப்பர் பட்டை ஒட்டிய சிறு கதவு இருக்கிறது. அதன் திருகுத் தாழ்ப்பாளைக் கடைசிவரை இறுக்காமல் விட்ட நாளில், அண்ணி தொலைபேசியில் பேசுவது அந்த மூலையிலிருந்து மட்டும் தெளிவாகக் கேட்கும்.