லினக்ஸ்சிஎன்சியில் வளைபரப்பு ஃபினிஷிங்: ஜி64 கட்டளையுடன் நீண்டகால அனுபவம்

கண்ட்ரோலர் பழுதாகிக் கிடந்த பழைய விஎம்சி (செங்குத்து மில்லிங் மெஷின்) ஒன்றில், கணினியையே கண்ட்ரோலராக்கும் மென்பொருளான லினக்ஸ்சிஎன்சியைப் பொருத்தி, பெரும்பாலும் பிளாஸ்டிக் மோல்டுகளின் குழிவுப் பரப்புகளை ஃபினிஷிங் (கடைசி நுண்வெட்டு) செய்யவே பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறோம்.

டூல் போகவேண்டிய பாதையை உருவாக்கும் கேம் மென்பொருள் வளைபரப்பைச் சிறுசிறு நேர்கோடுகளாக உடைத்துத் தருகிறது. ஒரு கோடு 0.1 மி.மீ. நீளம் என்றும், அச்சின் முடுக்கம் விநாடியின் வர்க்கத்துக்கு 500 மி.மீ. என்றும் வைத்துக்கொள்வோம். அடுத்த ஒரே கோட்டுக்குள் நின்றுவிடக்கூடிய வேகத்துக்கு மேல் போகாத பழைய பதிப்புகளில், ஃபீட் (டூல் நகரும் வேகம்) நிமிடத்துக்கு 3000 மி.மீ. என்று எழுதினாலும் மெஷின் ஏறத்தாழ நிமிடத்துக்கு 600 மி.மீ. வேகத்தில்தான் ஊர்ந்தது. 2.7 பதிப்பில் பல கோடுகளை முன்கூட்டியே பார்க்கும் முறை வந்தது. 50 கோடுகள் முன்னால் பார்த்தால் நிற்பதற்கு 5 மி.மீ. கிடைப்பதால், அதே முடுக்கத்தில் கேட்ட 3000 முழுதாகவே கிடைக்கும். டூல் தயங்கிய இடங்களில் பரப்பில் விழுந்த வரித்தடங்களும் பெருமளவு குறைந்து, பாலிஷ் வேலை எளிதானது.

ஆயினும், கோடுகள் சேரும் இடங்களில் நிற்காமல் கலந்து ஓடச் சொல்லும் கட்டளையான ஜி64-ஐ எழுதும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. பாதை எத்தனை மி.மீ. விலகலாம் என்று சொல்லும் பி மதிப்பைத் தராமல் வெறும் ஜி64 என்று எழுதினால், பாதை எவ்வளவு விலகினாலும் வேகமே முக்கியம் என்று கண்ட்ரோலர் எடுத்துக்கொள்வதால், கூர்மையாக வரவேண்டிய மூலை மழுங்கிவிடும் (புரோகிராமின் தொடக்கத்தில் பலர் இன்னமும் இப்படித்தான் எழுதுகிறார்கள்). முதற்கட்ட வெட்டான ரஃபிங்குக்கு பி0.05, ஃபினிஷிங்குக்கு பி0.01 எங்களுக்குச் சரியாக இருக்கிறது. கேமில் வைத்த டாலரன்ஸும் (அனுமதிக்கும் விலகல்) இதனுடன் கூடும் என்பதால் அதை இன்னும் இறுக்கமாக வைக்கிறோம். அதே கட்டளையில் தரும் கியூ மதிப்பு, ஏறத்தாழ ஒரே நேரில் அமையும் துண்டுகளை ஒன்றாக்குகிறது. பொடி எழுத்து வெட்டும்போது அதைப் பெரிதாக வைத்தால் வளைவு பட்டை பட்டையாகத் தெரியும்.

முன்பார்க்கும் வசதி எக்ஸ், ஒய், இசட் நகர்வுக்கு மட்டுமே என்பதால், பொருளைச் சுழற்றும் நான்காம் அச்சு போன்ற சுழல் அச்சு சேர்ந்தவுடன் மெஷின் பழைய நடைக்கே திரும்பிவிடுகிறது. நான்காம் அச்சு வேலை மிகுந்தவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். முடுக்கம் சட்டென மாறுவதையும் எங்கள் பதிப்பு கட்டுப்படுத்துவதில்லை. ஆகவே செர்வோ தாங்கும் அளவைவிடக் குறைத்தே முடுக்கத்தை அமைத்திருக்கிறோம்.

வட்டத்தில் அச்சு திசை திரும்பும் நான்கு இடங்களில் நகத்தால் தடவினால் தட்டுப்படும் சிறு மேடுகள் இவற்றில் எந்த மதிப்பை மாற்றினாலும் போகாது. அங்கே பேக்லாஷை (திசை மாறும்போது அச்சில் தெரியும் தளர்வு) அளந்துவிட்டு, அச்சை நகர்த்தும் பால் ஸ்க்ரூவையும் அதன் பேரிங்கையும்தான் பார்க்க வேண்டும்.