பாப் ஸ்மியர், வினிகர் சோதனை, ஹெச்பிவி: எதை எடுத்துக்கொள்வது?

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே பிடிக்க மூன்று பரிசோதனைகள் புழக்கத்தில் உள்ளன. தனியார் ஆஸ்பத்திரியின் மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் பெரும்பாலும் பாப் ஸ்மியர் இருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வினிகர் சோதனை செய்வார்கள், வி.ஐ.ஏ. என்று எழுதியிருக்கும். இப்போது பல மகப்பேறு மருத்துவர்கள், நோயைக் கொண்டுவரும் ஹெச்பிவி வைரஸைத் தேடும் ஹெச்பிவி டிஎன்ஏ சோதனையை எடுக்கச் சொல்கிறார்கள். 2022-இல் மட்டும் இந்தியாவில் சுமார் 1.27 லட்சம் பெண்களுக்கு இந்த நோய் வந்ததாகவும், ஏறக்குறைய 80,000 பேர் இறந்ததாகவும் மதிப்பீடு. இத்தனைக்கும் செல்களில் முதல் மாற்றம் தெரிந்து புற்றாக மாற வழக்கமாக 15, 20 வருடம் ஆகும். அவ்வளவு அவகாசம் கொடுக்கிற புற்றுநோய்கள் அதிகம் இல்லை.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். உடலுறவுக்குப் பின் ரத்தம், மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தக் கசிவு, நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் இவற்றில் ஏதாவது இருந்தால் இந்த ஒப்பீடு உங்களுக்கானது இல்லை. நேராக மருத்துவரிடம் போய்விடுங்கள். இவை தொந்தரவு எதுவும் இல்லாதவர்களுக்கான பரிசோதனைகள்.

மூன்றில் மூத்தது பாப் ஸ்மியர். நியூயார்க்கில் வேலை பார்த்த, கிரேக்க நாட்டில் பிறந்த ஜார்ஜ் பாப்பனிகோலா 1940-களில் நிலைநாட்டியது. கர்ப்பப்பை வாயைச் சின்ன மரத்தகடாலோ பிரஷ்ஷாலோ லேசாகச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் தடவி, உடனே ஆல்கஹாலில் போடுவார்கள். காற்றில் காய்ந்துவிட்டால் செல்கள் கெட்டுவிடும். பிறகு லேபில் ஒருவர் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான செல்களைப் பார்க்க வேண்டும். பார்ப்பவர் தேர்ந்தவரா, அன்றைக்கு எத்தனை தகடு பார்த்தார் என்பதெல்லாம் உங்கள் ரிப்போர்ட்டில் வராது. மாற்றம் இருக்கிறது என்று பாப் சொன்னால் பெரும்பாலும் நம்பலாம். இல்லை என்று சொல்வதை நம்புவதில்தான் சிக்கல்: ஒரே ஒருமுறை எடுத்தால் கணிசமான மாற்றங்கள் தப்பிவிடும். மேலை நாடுகளில் இது வென்றதற்குக் காரணம், சில வருடத்துக்கு ஒருமுறை விடாமல் கூப்பிட்டு எடுத்ததுதான். நம் ஊரில் 35 வயதில் ஒருமுறை எடுத்துவிட்டு, அந்த நார்மல் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு 50 வரை நிம்மதியாக இருக்கிறோம்.

வினிகர் சோதனைக்கு லேபே வேண்டாம். 3 முதல் 5 சதவீத அசெட்டிக் அமிலத்தைப் பஞ்சில் நனைத்துக் கர்ப்பப்பை வாயில் வைத்து, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள். மாறிய இடம் வெள்ளையாகத் திட்டாகத் தெரியும். "மூச்சை நல்லா இழுத்து விடுங்கம்மா, இறுக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே ஸ்டாஃப் நர்ஸ் முடித்துவிடுவார்; முடிவும் கையோடு கிடைக்கும். இதை ஏழைகளுக்கான இரண்டாந்தரச் சோதனை என்று முகம் சுளிக்கிறவர்களுக்குத் திண்டுக்கல் மாவட்டத்தைக் காட்ட வேண்டும். 2000-இல் அம்பிளிக்கையை மையமாக வைத்துத் தொடங்கிய ஆய்வில் நர்ஸ்களே சோதித்தார்கள். ஒரே ஒரு சுற்றுப் பரிசோதனை, தேவைப்பட்டவர்களுக்கு உடனடிச் சிகிச்சை. இந்த நோயால் வரும் மரணம் 35 சதவீதம் குறைந்தது. 2007-இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவுகள் வந்தன.

ஆனால் 2009-இல் வெளிவந்த மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் ஆய்வு வேறு கதை சொன்னது. சுமார் 1.3 லட்சம் பெண்களைப் பிரித்து மூன்று பரிசோதனைகளையும் நேருக்கு நேர் மோதவிட்டார்கள். முற்றிய நிலைப் புற்றும் மரணமும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது ஹெச்பிவி எடுத்தவர்களிடம் மட்டுமே. பாப், வினிகர் இரண்டிலும் சொல்லிக்கொள்ளும்படியான பலன் இல்லை. இங்கே வென்ற வினிகர் அங்கே ஏன் தோற்றது? பார்க்கிற கண்ணைப் பொறுத்துப் பலன் மாறுகிறது என்பதுதான் என் கணிப்பு. சாதாரண அழற்சிகூட வெள்ளையாகத் தெரிந்து ஏமாற்றும். (இந்த ஆய்வுகளில் ஒப்பிடுவதற்காக ஒரு பிரிவுப் பெண்களைப் பரிசோதிக்காமலே விட்டதைப் பின்னாளில் பலர் கண்டித்தார்கள். நியாயமான கண்டனம்தான்.)

வினிகருக்கு இன்னொரு பெரிய குறை உண்டு. மாதவிலக்கு நின்ற பிறகு, மாற்றம் தொடங்குகிற பகுதி உள்ளே சுருங்கிப் போய்விடும்; கண்ணுக்குத் தெரியாது. 58 வயதுக்காரருக்கு வினிகரில் நெகட்டிவ் வந்தால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

ஹெச்பிவி பரிசோதனை செல்லைப் பார்ப்பதில்லை, நோயைக் கொண்டுவரும் வைரஸையே தேடுகிறது. அதில் ஆபத்தான வகைகள் பதினான்கு வரை தேடுவார்கள். 16, 18 என்ற இரண்டு மட்டுமே சுமார் 70 சதவீத நோய்க்குக் காரணம். இதன் பலமே நெகட்டிவ் ரிப்போர்ட்தான். வைரஸ் இல்லையென்றால் அடுத்த 5 வருடம் கவலையில்லை. உலக சுகாதார நிறுவனமும் 2021 முதல் இதையே முதல் தேர்வாகச் சொல்கிறது: 30 வயதிலிருந்து, 5 முதல் 10 வருடத்துக்கு ஒருமுறை. மாதிரியை நீங்களே எடுத்துக் கொடுக்கலாம் என்பது கூடுதல் வசதி. உள்ளே வைத்து விரித்துப் பார்க்கும் ஸ்பெகுலம் கருவிக்குப் பயந்தே வராத அக்காக்கள் எத்தனை பேர்!

விலைதான் இடிக்கும். பாப் சில நூறு ரூபாயில் முடிய, இது பல லேப்களில் ஆயிரத்தைத் தாண்டும். 30 வயதுக்குக் கீழே எடுப்பதும் வீண். அந்த வயதில் வைரஸ் வரும், பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குள் தானாகவே போய்விடும். அப்புறம், பாசிட்டிவ் வந்தால் வீட்டில் நடக்கும் கூத்து இருக்கிறதே! "யாரிடமிருந்து வந்தது?" என்று ஆரம்பிப்பார்கள். தாம்பத்தியம் தொடங்கிய யாருக்கும் வரக்கூடிய வைரஸ் இது. பல வருடம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு இப்போது தெரியலாம். இதை வைத்துக் கணவனையோ மனைவியையோ குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் என்றும் அர்த்தமில்லை.

எதில் பாசிட்டிவ் வந்தாலும் அடுத்தது பெரும்பாலும் கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கால்போஸ்கோபி, தேவைப்பட்டால் சதை எடுத்துப் பரிசோதனை. முன்நிலை மாற்றம்தான் என்றால் சூட்டால் கருக்கும் தெர்மல் அப்லேஷன், உறையவைக்கும் கிரையோ, மின்கம்பி வளையத்தால் சீவியெடுக்கும் லீப் ஆகியவற்றில் ஒன்று பெரும்பாலும் போதும். இதற்கே "கர்ப்பப்பையை எடுத்துடலாம்மா" என்று யாராவது சொன்னால் இன்னொரு மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

சரி, எதை எடுப்பது? 30 தாண்டி, கையில் பணமும் இருந்தால் ஹெச்பிவி மட்டும் போதும். பேக்கேஜில் பாப்பையும் சேர்த்து விற்பார்கள், பெரும்பாலோருக்கு அது கூடுதல் செலவுதான். பணம் இடித்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்த வாரமே வினிகர் எடுங்கள். ஹெச்பிவிக்குக் காசு சேரட்டும் என்று தள்ளிப்போடுவதைவிட அது எவ்வளவோ மேல். மாதவிலக்கு நின்றவர்கள் எப்படியாவது ஹெச்பிவிக்கே முயலுங்கள். நம்பகமான லேபும், மூன்று வருடத்துக்கு ஒருமுறை தவறாமல் போகிற பழக்கமும் இருந்தால் பாப்பும் சரிதான்.

கர்ப்பப்பையை எடுத்துவிட்டவர்கள் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடிப் பாருங்கள். வாய்ப்பகுதியை விட்டுவிட்டு மேல்பகுதியை மட்டும் எடுத்திருந்தால், உங்களுக்கும் பரிசோதனை தேவை.