விட முடியாத விண்டோஸ் மென்பொருள்: வைனா, விர்ச்சுவல் மெஷினா, ரிமோட் டெஸ்க்டாப்பா?

நிறுவனத்துக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றும்போது பிரவுசரும் மின்னஞ்சலும் சீக்கிரம் அடங்கிவிடும். கடைசிவரை இழுத்தடிப்பவை விண்டோஸில் மட்டுமே ஓடும் நாலைந்து மென்பொருள்கள்: பழைய கணக்கு நிரல், எடை இயந்திரத்தோடு பேசும் நிரல், யுஎஸ்பி டாங்கிள் (லைசென்ஸைச் சரிபார்க்கச் செருகும் சாவி) கேட்கும் வரைபட நிரல். இவற்றை ஓட்ட மூன்று வழிகள் உண்டு. ஒரே வழியை எல்லாவற்றுக்கும் திணிப்பதுதான் பெரும்பாலான சிக்கலுக்கு வேர். பழுது வந்தால் எங்கே தேடுவது என்பது ஒவ்வொன்றிலும் வேறு. அதைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வைன்

வைன் லினக்ஸில் நிறுவும் ஒரு மென்பொருள். அதற்குள் விண்டோஸ் கிடையாது. நிரல் விண்டோஸிடம் கேட்பதை லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். ஆகவே விண்டோஸ் லைசென்ஸ் வேண்டாம், நினைவகமும் அதிகம் பிடிக்காது. வன்பொருளுக்கென்று தனி விண்டோஸ் டிரைவரை நம்பியிருக்கும் நிரலுக்கு மட்டும் இது சரிவராது. டாங்கிள் நிரல்கள் பெரும்பாலும் இங்கேதான் விழும்: நிறுவல் முடியும், திறக்கும், லைசென்ஸ் இல்லை என்று மூடிக்கொள்ளும். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், நேராக அடுத்த வழிக்குப் போங்கள். சீரியல் போர்ட்டில் பேசும் எடை இயந்திரம் அப்படியல்ல. வைன் அந்தப் போர்ட்டை காம்1, காம்2 என்று நிரலுக்குக் காட்டும். டெபியன், உபுண்டு வகைகளில் பயனரை 'டயல்அவுட்' குழுவில் சேர்க்க மறந்தால் மட்டும் போர்ட் திறக்காது.

எல்லா நிரல்களையும் வைனின் ஒரே இயல்புக் கோப்புறையில் நிறுவுவது பரவலான பிழை. ஒன்றுக்காகப் போட்ட டாட்நெட் (மைக்ரோசாஃப்டின் நிரல் அடித்தளம்) பதிப்பு இன்னொன்றை முடக்கும். நிரலுக்கு ஒரு 'பிரிஃபிக்ஸ்' கோப்புறை என்று வையுங்கள். சரியாக ஓடத் தொடங்கியதும் அந்தக் கோப்புறையை அப்படியே நகலெடுத்தால் அதுவே மீட்புப் பிரதி.

நிரல் திறக்கவில்லையா? ஐகானைச் சொடுக்கிக்கொண்டே இருக்காமல் டெர்மினலிலிருந்து ஓட்டுங்கள். 'ஃபிக்ஸ்மீ' என்று தொடங்கும் வரிகள் பக்கம் பக்கமாக வரும், பெரும்பாலும் அவற்றால் கெடுதல் இல்லை. 'எர்' (err, பிழை) என்று தொடங்கும் வரிகளைப் படியுங்கள். ஏதாவது ஒரு டிஎல்எல் (நிரலுக்கான துணைக்கோப்பு) கிடைக்கவில்லை என்றிருந்தால், அது சேர்ந்த விஷுவல் சி++ அல்லது டாட்நெட் தொகுப்பை வைன்டிரிக்ஸ் என்ற துணைக்கருவி வழியாக அந்தப் பிரிஃபிக்ஸில் போட வேண்டும். எழுத்துக்குப் பதில் கட்டங்கள் தெரிந்தால் அதே வைன்டிரிக்ஸில் அடிப்படை எழுத்துருக்களைச் சேருங்கள். பழைய நிரல் அசையவே இல்லையென்றால் 32 பிட் வைன் தொகுப்புகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஓடும் வைன் பதிப்பை எல்லாக் கணினிகளிலும் பூட்டிவையுங்கள். தானாக நடக்கும் புதுப்பிப்பு, நேற்றுவரை ஓடியதை இன்று நிறுத்தக்கூடும்.

விர்ச்சுவல் மெஷின்

இது லினக்ஸுக்குள் மென்பொருளால் உருவாக்கும் ஒரு கணினி. உள்ளே ஓடுவது உண்மையான விண்டோஸ் என்பதால் டாங்கிளும் டிரைவரும் வேலை செய்யும். ஈடாக லைசென்ஸும் வன்பொருளும் கேட்கும். விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி வட்டு, டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சிப் வேண்டும். 8 ஜிபி கணினியில் இரண்டு பக்கமும் திணறும். 16 ஜிபி இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

மெஷினை ஓட்டும் மென்பொருள் கேவிஎம்மா, விர்ச்சுவல்பாக்ஸா என்றால் அலுவலகத்துக்குக் கேவிஎம்தான். அது லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது. விர்ச்சுவல்பாக்ஸின் மாட்யூல் (கெர்னலில் ஏற்றும் துணைப்பகுதி) வெளியிலிருந்து வருவது. கெர்னல் புதுப்பிக்கப்பட்டு ஹெடர் தொகுப்பு வராவிட்டால் அது கட்டமைக்கப்படாது. செக்யூர் பூட் இருந்தால் கையொப்பமில்லாத மாட்யூல் ஏறாது. திங்கட்கிழமை காலை மெஷின் கிளம்பாததற்கு இவை இரண்டும் வழக்கமான காரணங்கள். இனி கேவிஎம்மில் வரும் தொல்லைகள். விண்டோஸ் நிறுவும்போது வட்டே தெரியாவிட்டால் விர்ட்ஐஓ (மெஷினின் மெய்நிகர் வட்டுக்கான) டிரைவர் வட்டுக்கோப்பை இரண்டாவது சிடியாக இணையுங்கள். டிபிஎம் இல்லை என்று நின்றால் எஸ்டபிள்யூடிபிஎம் (swtpm, மென்பொருள் டிபிஎம்) தொகுப்பை நிறுவி, மெஷினில் டிபிஎம்மைச் சேருங்கள். கடிகாரம் மணிக்கணக்கில் தள்ளி நின்றால் மெஷின் அமைப்பில் கடிகாரத்தை யுடிசியிலிருந்து உள்ளூர் நேரத்துக்கு மாற்றுங்கள். எல்லாமே ஆமை வேகம் என்றால் பயாஸில் விர்ச்சுவலைசேஷன் அணைந்திருக்கும்.

ரிமோட் டெஸ்க்டாப்

ஒரே மென்பொருளைப் பலர் பயன்படுத்தினால் ஒரு விண்டோஸ் சர்வர் வைத்து, லினக்ஸ் கணினிகளிலிருந்து ரெமினா என்ற இணைப்பு நிரல் வழியாக நுழைவதுதான் பராமரிக்க எளிது. சரிசெய்ய வேண்டிய இடம் ஒன்றே ஒன்று. சாதாரண விண்டோஸ் புரோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் நுழைய முடியும், எனவே சர்வர் பதிப்பும் ஒவ்வொருவருக்கும் அணுகல் லைசென்ஸும் வேண்டும். லைசென்ஸ் சர்வரை அமைக்காமலே 120 நாள் ஓடும். பிறகு இணைப்புகள் மறுக்கப்படும், காரணம் நெட்வொர்க் என்று எல்லோரும் தேடுவார்கள். சர்வர் தானே கையொப்பமிட்ட சான்றிதழ் ஆறு மாதத்தில் மாறும்போதும் இப்படி ஒரு தடை வரும்: ரெமினா கேட்கும் புதிய சான்றிதழை, அதன் 'கைரேகை' எனும் அடையாளக் குறியீட்டைச் சரிபார்த்து ஏற்க வேண்டும். பிரிண்டரைப் பயனர் கணினி வழியாகத் திருப்பிவிடாமல், சர்வரிலிருந்தே நெட்வொர்க் பிரிண்டருக்கு அனுப்புங்கள். டிரைவர் பெயர் பொருந்தாத தொல்லை அத்தோடு போகும். ரிமோட் டெஸ்க்டாப் பயன்படுத்தும் 3389 போர்ட்டை இணையத்துக்கு ஒருபோதும் திறக்காதீர்கள், வெளியிலிருந்து வருபவர்களுக்கு விபிஎன் வேண்டும்.

இன்னொன்று: பகிர்வுக் கோப்புறை தெரியவில்லை என்றால் வைனைக் குறை சொல்லத் தோன்றும். பழைய சேமிப்பகப் பெட்டி எஸ்எம்பி1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறையை மட்டும் பேசுவதாக இருக்கலாம். லினக்ஸில் இந்தப் பகிர்வைக் கையாளும் சாம்பாவில் 4.11 பதிப்பு முதல் அது இயல்பாக அணைக்கப்பட்டிருக்கிறது. அமைப்பில் மறுபடி திறப்பது பாதுகாப்பைக் குறைக்கும், பெட்டியை மாற்றுவதே சரி.

டாங்கிளோடு ஓரிருவர் என்றால் விர்ச்சுவல் மெஷின், நாலைந்து பேருக்கு மேல் என்றால் ரிமோட் டெஸ்க்டாப், சின்ன, எப்போதாவது புதுப்பிக்கப்படும் நிரலுக்கு வைன். எதைத் தேர்ந்தாலும் ஒரு முழு மாதக் கணக்கு முடிப்பும் அச்சும் மீட்புப் பிரதியிலிருந்து மீட்டெடுப்பும் புதிய அமைப்பில் நடந்து முடியும்வரை பழைய விண்டோஸ் கணினியைக் கழற்றாதீர்கள்.