மாடியே இல்லாத வீட்டில் மாடிச் சத்தம்: பெர்ன்ஹில் அரண்மனையும் ஊட்டிப் பயணமும்

ஊருக்கு வந்த இடத்தில் ஊட்டிக்கும் ஒரு நடை போய் வருகிறோம் என்றதும், கோவையில் சொந்தக்காரப் பிள்ளைகள் எல்லாரும் கேட்டது ஒன்றைத்தான்: "அந்தப் பேய் ஓட்டலைப் பார்ப்பீங்களா?" அவர்கள் சொன்னது பெர்ன்ஹில் அரண்மனையை. கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஓர் இந்திப் படக்குழு அங்கே தங்கியிருந்ததாம். நடுராத்திரியில் மேலே யாரோ மேசை நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம். நடன இயக்குநர் சரோஜ் கான் வரவேற்பறையைக் கூப்பிடப் போனை எடுத்தால், போன் செத்துக் கிடந்ததாம். காலையில் புகார் சொன்னபோது, "இந்தக் கட்டடத்துக்கு மேல்மாடியே கிடையாதே" என்றார்களாம்.

கதை அவ்வளவுதான். அந்தப் பேய்க்கு ஒரு பேர் இல்லை, ஒரு சாவு இல்லை, ஒரு காரணம் இல்லை. அதைக் கோவையில் ஒரு சுற்றுலா ஏஜென்சி நிரப்பி வைத்திருந்தது. "பேய் பங்களா" என்று தனியாகப் பணம் வாங்கிக்கொண்டு, அரண்மனைப் பக்கம் சாலையில் வண்டியை நிறுத்தி, தூக்கு மாட்டிக்கொண்ட ஒரு ராணியைப் பற்றி அவர்களுடைய வழிகாட்டி சொன்னார். எந்த ராணி, எந்த வருஷம் என்று கேட்டேன். பதில் இல்லை. கோபம் வந்தது. ஒரு குடும்பத்தின் மேல் இல்லாத சாவை ஏற்றிக் காசு பார்ப்பது விளையாட்டுக் காரியம் இல்லை.

உண்மையில் அந்த வீட்டுக்குச் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. 1844-ல் கேப்டன் காட்டன் என்ற ஆங்கிலேயர் கட்டிய பங்களா அது. 1873-ல் மைசூர் அரச குடும்பத்தின் கைக்கு வந்தது. அப்போது அரியணைக்கு உரிய சாமராஜேந்திர உடையாருக்குப் பத்து வயது. மைசூரை ஆண்டுகொண்டிருந்தவர்கள் ஆங்கிலேய கமிஷனர்கள். நாடு அவர் கைக்குத் திரும்பியது 1881-ல்தான். சொந்த ராஜ்ஜியம் கையில் இல்லாத ஒரு வம்சம், வெள்ளைக்கார அதிகாரிகள் கோடையைக் கழிக்கும் மலையில் ஒரு வீடு வாங்குகிறது. எனக்கு இது எந்தப் பேயைவிடவும் நின்று யோசிக்க வைக்கிற விஷயம். பர்மா தேக்கு, செதுக்கிய மரவேலை, காகிதக்கூழால் அலங்கரித்த நடனக்கூட விதானம் என்று அந்த வீட்டின் அழகு தனிக் கதை.

நாங்கள் அங்கே தங்கவில்லை. ஊட்டியில் ஒரு பழைய ஓட்டு வீட்டை விடுதியாக நடத்தும், நீலகிரியின் படகர் சமூகத்துக் குடும்பம் ஒன்றோடு தங்கினோம். சேவை என்று சொன்னால் இந்தப் பயணத்தில் முதல் மதிப்பெண் அவர்களுக்குத்தான். வெந்நீர் கேட்ட நேரத்துக்கு வந்தது. ராத்திரி அறைக்கு ஹீட்டர் கொடுத்தார்கள், கூடவே ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்கவும் சொன்னார்கள். பேய்ச் சத்தத்துக்கும் அந்த வீட்டு அம்மாதான் விடை சொன்னார். "பகல்ல வெயில் அடிக்குது, ராத்திரி உறைபனி விழுது. கூரை சுருங்கும், மரம் முறுக்கும். வீடு பூரா பேசும் சார். மரநாய் சீலிங்குல ஏறுச்சுன்னா கட்டிலை இழுக்குற மாதிரியே இருக்கும்." 2,240 மீட்டர் உயரத்தில் ஜனவரி ராத்திரி. ஓட்டுக்கும் மரப்பலகைத் தட்டிக்கும் நடுவே ஓர் ஆள் குனிந்து போகும் அளவுக்கு வெற்றிடம். மாடி இல்லாத வீட்டில் மாடிச் சத்தம் கேட்பதற்கு அது போதும். அன்று படக்குழு கேட்டது இதுதான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அந்த ராத்திரி எங்கள் தலைக்கு மேலும் ஏதோ ஓடியது. என் மகள் போர்வைக்குள் இருந்து கையை வெளியே எடுக்கவில்லை.

இறந்தவர்களைப் பற்றி இந்த மலைக்கு அதன் சொந்த எண்ணங்கள் உண்டு. அவற்றை எந்த ஏஜென்சியும் சொல்வதில்லை. எருமை வளர்க்கும் இந்த மலைப் பழங்குடிகளான தோடர்களுக்கு மறுவுலகம் மேற்கே இருக்கிறது. இறந்தவரோடு துணைக்கு எருமையும் போக வேண்டும். முக்குருத்தி சிகரத்திலிருந்துதான் அந்த உயிர்கள் புறப்படும் என்பார்கள். படகர் சாவுச் சடங்கில் இறந்தவரின் பாவங்களையும் அவர் முன்னோரின் பாவங்களையும் வரிசையாகச் சொல்லி, ஒரு கன்றின் மேல் ஏற்றிவிடும் வழக்கத்தைப் பழைய பதிவுகளில் படிக்கலாம். இதன் இருண்ட பக்கமும் உண்டு. செய்வினை வைத்தார்கள் என்ற பயத்தில் இன்னொரு மலைப் பழங்குடியான குறும்பர்கள் 19-ஆம் நூற்றாண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை கூட்டமாகக் கொல்லப்பட்டார்கள். 1908-ல் பிரான்சிஸ் தொகுத்த நீலகிரி கெசட்டியர், அதாவது அரசின் மாவட்ட விவரத் தொகுப்பு, அதைச் சொல்கிறது. அதைப் படித்த பிறகு, யார் மேலாவது பேய்க்கதை கட்டும்போது என்னால் சிரிக்க முடிவதில்லை.

அடுத்த நாள் செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்துக்குப் போனோம். 1830-ல் அர்ச்சிக்கப்பட்ட கோயில். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த திப்பு சுல்தானின் அரண்மனை உத்தரங்களைக் கொண்டுவந்து இதன் கூரையைக் கட்டினார்கள். ஊட்டியை உருவாக்கிய ஜான் சல்லிவனின் மனைவி ஹென்றியட்டாவும் மகள் ஹாரியட்டும் இங்கேதான் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். இருவரும் 1838-ல் ஒருவர் பின் ஒருவராக இறந்தவர்கள். எங்கள் டிரைவர் குன்னூர்க்காரர். கேட்காமலே மேட்டில் ஏறிவந்து கல்லறையைக் காட்டிவிட்டு, "இங்க பேய் இருக்குன்னு யாரும் சொல்ல மாட்டாங்க சார், வீடியோ எடுக்கவும் வரமாட்டாங்க" என்றார். அவருக்குப் பேசிய வாடகைக்கு மேலே கொடுத்தேன். வரலாறு தெரிந்த ஒரு நடை வழிகாட்டியை ஊட்டி முழுக்கத் தேடியும் எனக்குக் கிடைக்காத குறையை அவர்தான் தீர்த்தார்.

போகிறவர்களுக்குச் சில தகவல். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதத்திலிருந்து வெளி மாவட்ட வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும்; கட்டணம் கிடையாது, எனக்குச் சில நிமிடத்தில் வந்துவிட்டது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுபோகாதீர்கள், சோதனைச் சாவடியில் வாங்கிக்கொள்வார்கள். மலை ரயில் மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7.10-க்கு, கல்லாறு தாண்டியதும் பல்சக்கரத் தண்டவாளம் தொடங்கிவிடும், அந்தப் பகுதிக்கு இடப்பக்கம் வலப்பக்கம் என்று பார்க்காமல் கிடைத்த ஜன்னலைப் பிடியுங்கள். டிக்கெட்டை முன்கூட்டியே உள்ளூரில் யாரையாவது எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்தால் ரயில் ரத்தாகும்.